ஃப்ரெடி மெர்குரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சள் சட்டை, அடர்ந்த மீசை, கையில் பாதி மைக் கம்பி. 'குயின்' என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி என்றதும் பலர் மனதில் எழும் சித்திரம் இதுதான். 2018-இல் வந்த 'போஹீமியன் ராப்சடி' திரைப்படம் இந்தச் சித்திரத்தை இன்னும் அழுத்தமாகப் பதித்துவிட்டது. ஆனால் அந்தப் பகட்டுக்கு அடியில் விடாப்பிடியான உழைப்பாளி ஒருவர் இருந்தார். பியானோ முன்னால் உட்கார்ந்து ஒரே வரியை நூறு தடவை மாற்றிப் பார்ப்பவர், சுருதி கொஞ்சம் விலகினாலும் மறுபடி பாடுபவர். அவரைப் பற்றி மீண்டும் மீண்டும் வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

அவருடைய உண்மைப் பெயர் என்ன? எந்த ஊர்க்காரர்?

ஃபரோக் புல்சாரா. 1946 செப்டம்பர் 5 அன்று சான்சிபார் தீவின் ஸ்டோன் டவுனில் பிறந்தார். அப்போது அது பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த சுல்தான் நாடு. இன்று தான்சானியாவின் பகுதி. தந்தை போமி அங்கே அரசு அலுவலகத்தில் காசாளர். தாய் ஜெர். தங்கை கஷ்மீரா 1952-இல் பிறந்தார்.

குடும்பம் பார்சி, ஜரதுஷ்டிர மதம். குஜராத்தில் இன்று வல்சாட் என்று வழங்கும் ஊரின் பழைய பெயர் புல்சார். குடும்பப் பெயர் அங்கிருந்து வந்தது. ஆகவே 'இந்தியரா, ஆப்பிரிக்கரா, ஆங்கிலேயரா' என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடையாது. குஜராத் வேர், சான்சிபார் பிறப்பு, மகாராஷ்டிரத்தில் பள்ளி, லண்டனில் வாழ்க்கை என்று நான்கையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பேட்டிகளில் அவர் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஆனால் இறுதிச் சடங்கு ஜரதுஷ்டிர முறைப்படி, பார்சி குருமார்களைக் கொண்டுதான் நடந்தது.

இந்தியாவில் படித்தார் என்பது உண்மையா?

உண்மை. எட்டு வயதில் மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் உள்ள புனித பீட்டர் பள்ளி விடுதியில் சேர்க்கப்பட்டார். சான்சிபாரிலிருந்து கப்பலில் பம்பாய், அங்கிருந்து மலை ஏறிப் பள்ளி. விடுமுறைக்கு எல்லாத் தடவையும் ஊருக்குப் போக முடியாது. பம்பாயில் இருந்த பாட்டி, அத்தை வீட்டில்தான் பல விடுமுறைகள் கழிந்தன. 'ஃப்ரெடி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் இந்தப் பள்ளியில்தான்.

பியானோ பயிற்சியும் இங்கேதான். நான்காம் நிலைத் தேர்வு வரை முடித்தார். 1958-இல் பள்ளி நண்பர்கள் நால்வருடன் 'தி ஹெக்டிக்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். பலரும் கவனிக்காத ஒன்று: அந்தக் குழுவில் அவர் முன்னணிப் பாடகர் இல்லை. பியானோ வாசித்துப் பின்பாட்டுப் பாடியவர். எல்விஸ் பிரெஸ்லி, கிளிஃப் ரிச்சர்ட், லிட்டில் ரிச்சர்ட் பாடல்களை ஒருமுறை கேட்டதும் பியானோவில் வாசித்துக் காட்டுவார் என்று உடன் படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். காதால் பிடிக்கும் இந்தத் திறன்தான் கடைசிவரை அவருடைய முதலீடு. இசைக் குறிப்பைப் படிப்பதில் அவர் அத்தனை தேர்ந்தவர் அல்ல.

லண்டனுக்கு எப்படி வந்தார்? குயின் எப்படி உருவானது?

1963-இல் சான்சிபார் திரும்பினார். 1964 ஜனவரியில் அங்கே புரட்சி வெடித்து, அரேபியர்களும் இந்தியர்களும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். புல்சாரா குடும்பம் தப்பி, லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகில் உள்ள ஃபெல்தம் பகுதியில் குடியேறியது. ஃப்ரெடிக்கு அப்போது 17 வயது.

ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை படித்து 1969-இல் பட்டயம் பெற்றார். பிறகு கென்சிங்டன் சந்தையில் ராஜர் டெய்லருடன் சேர்ந்து பழைய துணி விற்றார். ஹீத்ரோவில் சில்லறை வேலையும் செய்தார். 'ஐபெக்ஸ்', 'சவர் மில்க் சீ' ஆகிய குழுக்களில் பாடிப் பார்த்தார். கிதார் கலைஞர் பிரையன் மே, டிரம்ஸ் வாசித்த டெய்லர் இருவரும் 'ஸ்மைல்' என்ற குழுவில் இருந்தார்கள். 1970-இல் அதன் பாடகர் விலகியதும் ஃப்ரெடி உள்ளே வந்தார். குழுவுக்குக் 'குயின்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். 1971-இல் பேஸ் கிதாருக்கு ஜான் டீக்கன் சேர்ந்த பிறகு, ஃப்ரெடி இறக்கும்வரை ஆள் மாறவே இல்லை.

வரைகலைப் படிப்பு வீண்போகவில்லை. குயின் சின்னத்தை வரைந்தவர் அவரே. இரண்டு சிங்கங்கள் சிம்ம ராசிக்காரர்களான டீக்கனும் டெய்லரும். நண்டு கடக ராசிக்காரர் மே. இரண்டு தேவதைகள் கன்னி ராசிக்காரரான ஃப்ரெடி. மேலே சிறகு விரித்த ஃபீனிக்ஸ் பறவை.

'மெர்குரி' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

முதல் ஆல்பத்தில் அவர் எழுதிய ஒரு பாட்டில் 'அன்னை மெர்குரி' என்று ஒரு விளிப்பு வருகிறது. அந்த அன்னை தன் அன்னைதான் என்று சொல்லி, அன்றிலிருந்து அந்தப் பெயரைச் சூடிக்கொண்டதாகப் பிரையன் மே சொல்லியிருக்கிறார்.

'போஹீமியன் ராப்சடி'யை எப்படிப் பதிவு செய்தார்கள்?

குயின் பற்றி மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. விரிவாகச் சொல்லும் தகுதி அதற்கு உண்டு.

பாட்டு 5 நிமிடம் 55 விநாடி. 1975 ஆகஸ்ட் 24 அன்று வேல்ஸ் நாட்டின் ராக்ஃபீல்டு ஸ்டுடியோவில் பதிவு தொடங்கியது. லண்டனின் வேறு நான்கு ஸ்டுடியோக்களிலும் தொடர்ந்தது. தயாரிப்பு ராய் தாமஸ் பேக்கரும் குயினும். பாட்டின் முழு வடிவமும் ஃப்ரெடி தலைக்குள் இருந்தது. மற்றவர்களுக்குப் பியானோவில் முதல் பகுதியை வாசித்துக் காட்டிவிட்டு, 'இங்கே ஆபரா வரும்' என்று நிறுத்தினார் என்பது பேக்கர் பலமுறை சொன்ன செய்தி. முதலில் பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றையும் பதிவு செய்தார்கள். ஆபரா, அதாவது மேற்கத்திய இசை நாடகப் பாணிப் பகுதி, வரவேண்டிய இடத்தில் வெற்று நாடாவை ஓடவிட்டார்கள்.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவை மூன்றே குரல்கள்: ஃப்ரெடி, மே, டெய்லர். நடு ஸ்தாயியில் ஃப்ரெடியின் குரல் கனமாக நிற்கும், கீழே மே, உச்சத்தில் டெய்லர். ஒரு சுரத்தை மூவரும் ஒன்றாகப் பாடிப் பதிவு செய்வார்கள். அதையே மறுபடி, மறுபடி. பிறகு அடுத்த சுரம். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம். சில இடங்களில் 180 அடுக்குகள் வரை ஏறியது. கேட்பவருக்கு நூறு பேர் கோஷ்டியாகப் பாடுவதுபோல் இருப்பதன் ரகசியம் இதுதான்: வெவ்வேறு தொண்டைகளை, ஒரே உயிரெழுத்தில், ஒரே மூச்சு அளவில் அடுக்குவது.

சிக்கல் எங்கே வந்தது? அன்றைய நாடாவில் 24 தடங்கள்தான். 180 அடுக்குகளை அதில் எப்படி வைப்பது? பல தடங்களைக் கலந்து ஒன்றிரண்டு தடங்களாகச் சுருக்கி, காலியான தடங்களில் மீண்டும் பாட வேண்டும். இப்படிச் சுருக்கும் ஒவ்வொரு தடவையும் பதிவு ஒரு தலைமுறை மங்கும், இரைச்சல் கூடும். எட்டாம் தலைமுறை வரை போனார்கள். நாடா இயந்திரத்தில் ஓடி ஓடி அதன்மேல் பூசியிருக்கும் இரும்புத் துகள் தேய்ந்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும் அளவுக்கு ஆனது என்று மே சொல்லியிருக்கிறார். இன்னும் சில தடவை ஓட்டியிருந்தால் பாட்டு அழிந்தே போயிருக்கும்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் பாட்டின் தொடக்கம் ஆறரைக் கட்டை. ஆபரா பகுதி ஆறு கட்டைக்கு, அதாவது அரைக் கட்டை இறங்கித் தொடங்குகிறது. பிறகு வரும் ராக் பகுதி இரண்டரைக் கட்டை. முடிவு நான்கு கட்டை. ஒரே பாட்டில் ஆதார சுருதி இத்தனை தடவை நகர்ந்தும் காதுக்கு உறுத்தல் இல்லை. ஆதார சுருதியை இடம் மாற்றிக் காட்டும் கிரகபேதம் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த வித்தையின் ருசி சட்டென்று பிடிபடும்.

வானொலி இதை ஒலிபரப்ப மறுத்ததா?

ஆறு நிமிடப் பாட்டை 'சிங்கிள்' எனப்படும் தனிப்பாட்டுத் தட்டாக வெளியிட வேண்டாம் என்ற எதிர்ப்பு நிறுவன மட்டத்தில் இருந்தது. லண்டன் கேப்பிடல் ரேடியோவின் அறிவிப்பாளர் கென்னி எவரெட் கைக்கு ஒரு பிரதி போனது. இரண்டே நாளில் 14 தடவை போட்டார். 1975 அக்டோபர் 31 அன்று வெளியான பாட்டு பிரிட்டனில் தொடர்ந்து ஒன்பது வாரம் முதலிடம். ஃப்ரெடி இறந்தபின் 1991-இல் மறுவெளியீடாகி மீண்டும் ஐந்து வாரம்.

மேடையில் ஆபரா பகுதியை எப்படிப் பாடினார்கள்?

பாடவில்லை. 180 அடுக்கை நான்கு பேர் மேடையில் நிகழ்த்த முடியாது. விளக்கு அணையும், நால்வரும் மேடையை விட்டு இறங்குவார்கள், நாடா ஓடும். ராக் பகுதி தொடங்கும் நொடியில் புகையும் வெடியுமாகத் திரும்பி வருவார்கள். அந்த இடைவெளியில் உடையும் மாறியிருக்கும். வாயசைத்து ஏமாற்றுவதைவிட மேடையைக் காலி செய்வது நேர்மையானது என்ற அவர்களின் முடிவு மதிக்கத்தக்கது.

நான்கு ஸ்தாயிக் குரல் என்கிறார்களே?

2016-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் அவருடைய பதிவுகளை அளந்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களால் உறுதி செய்ய முடிந்தது 37 அரைச்சுரங்கள். சுமார் 92 ஹெர்ட்ஸில் தொடங்கி 784 ஹெர்ட்ஸ் வரை. அதாவது மூன்று ஸ்தாயியும் அதற்குமேல் ஒரு அரைச்சுரமும். நான்கு ஸ்தாயிக்குச் சான்று கிடைக்கவில்லை.

அதைவிடச் சுவையான முடிவுகள் வேறு இரண்டு. பேட்டிகளில் அவர் பேசிய குரலின் நடு அளவு சுமார் 117 ஹெர்ட்ஸ். இது பாரிடோன் எனப்படும் இடைத்தரக் கனக்குரலுக்கு உரியது. உச்சத்தில் பாடும் டெனர் குரலாகவே உலகம் அவரை அறியும். உண்மையில் பேச்சுக் குரல் கனமானது, மேல் ஸ்தாயி பழக்கத்தில் உருவாக்கிக்கொண்டது.

இரண்டாவது, அவருடைய குரல் அசைவு. நீண்ட சுரத்தில் நிற்கும்போது குரல் விநாடிக்கு ஏறத்தாழ 7 தடவை அசைந்தது. பயிற்சி பெற்ற பாடகர்களுக்கு இது பொதுவாக 5.4 முதல் 6.9 வரை இருக்கும். அவருடையது வேகமும் கூட, ஒழுங்கற்றதும் கூட. அவர் குரலை எத்தனை பேர் நகலெடுத்தாலும் ஏதோ ஒன்று பிடிபடாமல் நழுவுவதற்கு இது ஒரு காரணம்.

கரகரப்புக்கு வேறு வழி. குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் பொய்க் குரல்நாண்களும் சேர்ந்து அதிரும்போது அடிக்குரல் உறுமல் ஒன்று கூடவே எழும். அவரைப் போலப் பாடும் ஒரு பாடகரின் தொண்டைக்குள் அதிவேகக் கேமரா வைத்துப் படமெடுத்து இதை விளக்கினார்கள்.

பல்லைச் சரி செய்திருந்தால் குரல் மாறியிருக்குமா?

அவருக்கு மேல்வாயில் நான்கு பற்கள் கூடுதல். அதனால் முன்பற்கள் நெருக்கித் தள்ளப்பட்டிருந்தன. சிகிச்சைக்குப் பணம் வந்த பிறகும் அவர் தொடவில்லை. குரல் கெட்டுவிடும் என்று பயந்தார். குரல் பிறப்பது தொண்டையில், பல் அதன் கடைசி வாசல் மட்டுமே. பயம் மிகையானதாகவே தோன்றுகிறது. ஆனாலும் பிழைப்பே குரலாக இருப்பவர் அதில் சோதனை செய்து பார்க்கத் துணியமாட்டார்.

கச்சேரிகளில் உச்ச இடங்களை ஏன் இறக்கிப் பாடினார்?

தொண்டையில் முடிச்சுகள். 1970-களின் நடுவிலிருந்தே இந்தத் தொல்லை இருந்தது. சில நிகழ்ச்சிகளை ரத்து செய்யவும் நேர்ந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று ஓய்வை நம்பினார். ஸ்டுடியோவில் ஒரு உச்ச சுரத்தைப் பத்து தடவை முயன்று நல்லதைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு மணி நேரக் கச்சேரியில், அதுவும் வாரத்துக்கு நான்கைந்து இரவுகள், அது நடக்காது. ஆகவே 'வி ஆர் தி சாம்பியன்ஸ்' போன்ற பாடல்களில் மெட்டின் உச்சியைக் கீழே வளைத்தார். அந்த உயரத்தை டெய்லர் பின்னாலிருந்து தொட்டார். கச்சேரிப் பதிவுகளைக் கூர்ந்து கேட்டால் உச்சியில் ஒலிக்கும் குரல் டிரம்ஸ் பக்கத்திலிருந்து வருவது புரியும்.

அவரைப் போலப் பாடிப் பழக விரும்புகிறேன். என்ன தவறு நேரும்?

முதல் தவறு கரகரப்பை முதலில் கற்பது. கழுத்தை இறுக்கி வரவழைக்கும் உறுமல் ஒரே வாரத்தில் தொண்டையைக் கட்டும். பாட்டைச் சுத்தமான குரலில், முழு மெட்டும் சிரமமின்றி வரும்வரை பாடுங்கள். உறுமலை ஒரு வரிக்கு ஒரு சொல்லில் மட்டும் பூசுங்கள்.

இரண்டாவது, மூலச் சுருதியிலேயே பாடியாக வேண்டும் என்ற பிடிவாதம். 'போஹீமியன் ராப்சடி'யை ஆறரையிலிருந்து ஐந்து கட்டைக்கு இறக்கினால் மூன்று அரைச்சுரம் குறையும். பெரும்பாலான ஆண் குரல்களுக்கு அந்த மூன்றுதான் சிக்கலே. 'சம்பொடி டு லவ்' மூலத்தில் ஐந்தரைக் கட்டை. அதை நான்கில் வைத்துத் தொடங்கலாம்.

மூன்றாவது, உரத்துப் பாடினால்தான் உயரம் வரும் என்ற எண்ணம். ஃப்ரெடி பல உச்சங்களை மெல்லிய கள்ளக்குரலில்தான் (ஃபால்செட்டோ) தொட்டார். 'வி ஆர் தி சாம்பியன்ஸ்' தொடக்க வரிகளைக் கேளுங்கள், ஏறத்தாழப் பேச்சுதான். அந்தத் தணிவு இருப்பதால்தான் பல்லவி வெடிக்கிறது. குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் பாட்டை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். இஞ்சி, மிளகு எதுவும் முடிச்சைக் கரைக்காது.

பாதி மைக் கம்பி ஏன்?

ஆரம்ப காலக் கச்சேரி ஒன்றில் நிலைதாங்கி நடுவில் கழன்றுவிட்டது. மேல் பாதியைப் பிடித்தபடியே பாடி முடித்தார். வசதியாக இருந்தது, கடைசிவரை வைத்துக்கொண்டார். கனமான அடித்தட்டு இல்லாததால் ஓட முடியும். அதுவே கிதார், துப்பாக்கி, செங்கோல் என்று எதுவாகவும் மாறும். மைக் எப்போதும் கம்பியின் நுனியில் இருப்பதால் கை எப்படிச் சுழன்றாலும் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் அவர் கட்டுப்பாட்டில் இருக்கும். மேடைப் பாடகர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அந்த உடைகளை யார் வடிவமைத்தார்கள்?

1974-இல் சிறகுபோல் விரியும் வெள்ளை மடிப்புச் சட்டையைச் செய்தவர் ஜாண்ட்ரா ரோட்ஸ். 1986 சுற்றுப்பயணத்தின் மஞ்சள் மேலங்கியும், கிரீடமும், அரச அங்கியும் டயானா மோஸ்லி கைவண்ணம். இடையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட உடலொட்டிய உடை, தோல் உடுப்பு என்று பல. நீண்ட முடியை வெட்டி மீசை வைத்தது 1980-இல். அதைப் பிடிக்காத ரசிகர்கள் மேடைமீது சவரக் கத்திகளை எறிந்தார்கள்.

குயின் பாடல்கள் எல்லாம் அவர் எழுதியவையா?

இல்லை. குழுவில் நால்வரும் பாடலாசிரியர்கள். 'வி வில் ராக் யூ' மே எழுதியது. 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்' டீக்கன். 'ரேடியோ காகா' டெய்லர். 1981-இல் வந்த 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பில் 17 பாடல்கள், பத்து ஃப்ரெடியுடையவை. பிரிட்டனில் வரலாற்றிலேயே அதிகம் விற்ற ஆல்பம் அதுதான். 1989-இன் 'தி மிரகிள்' முதல் எல்லாப் பாடலுக்கும் நால்வர் பெயரையும் பொதுவாகப் போட்டார்கள். பணச் சண்டை அத்துடன் ஓய்ந்தது.

பத்துப் பாட்டையும் வரிசையாகக் கேட்டால் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. 'சம்பொடி டு லவ்' தேவாலயக் கோஷ்டி இசை. 'கிரேஸி லிட்டில் திங் கால்டு லவ்' எல்விஸ் பாணி. மியூனிக் ஓட்டல் ஒன்றின் குளியல் தொட்டியில் சில நிமிடங்களில் பிறந்தது. அவருக்குக் கிதாரில் சில கோர்டுகள்தான் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) தெரியும். அந்த எல்லைதான் பாட்டை எளிமையாக வைத்திருக்கிறது.

'போஹீமியன் ராப்சடி'யின் கையெழுத்து வரைவுகள் 2023-இல் லண்டனில் சதபீஸ் ஏலத்துக்கு வந்தன. ஒரு விமான நிறுவனத்தின் 1974 நாட்காட்டித் தாள்களில் எழுதியவை. அதில் 'மங்கோலியன் ராப்சடி' என்று முதலில் எழுதி அடித்திருக்கிறார். பதினைந்து பக்கம், அடித்தல் திருத்தல்களுடன். கனவில் இறங்கிய பாட்டு என்று நம்புவோர் அந்தத் தாள்களின் படங்களையாவது பார்க்க வேண்டும்.

லைவ் எய்டில் அப்படி என்ன செய்தார்?

1985 ஜூலை 13, வெம்ப்ளி அரங்கம், சுமார் 72,000 பேர். எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பல கலைஞர்கள் அடுத்தடுத்துப் பாடிய நாள். குயினுக்குக் கிடைத்தது இருபது நிமிடம் சொச்சம். மாலை 6.41, நல்ல வெயில்; ஒளி விளக்கு வித்தைக்கு வழியில்லை. கூட்டமும் அவர்களுடையதில்லை, மற்றவர்களுக்காகவும் வந்தது.

வெற்றி அன்று கிடைத்ததல்ல, அதற்கு முன்னே லண்டனின் ஷா தியேட்டரில் கிடைத்தது. கடிகாரம் வைத்து ஒத்திகை பார்த்தார்கள். புதுப் பாட்டு எதையும் விற்க முயலவில்லை. எல்லாருக்கும் தெரிந்த பாடல்களை நறுக்கி ஒரே மாலையாகக் கோத்தார்கள். 'போஹீமியன் ராப்சடி'யின் முதல் பகுதி மட்டும், ஆபரா வருமுன் வெட்டு. காரணம் மேலே சொன்னதுதான். அங்கிருந்து நேராக 'ரேடியோ காகா'. அதன் இரட்டைக் கைதட்டல் முந்தைய ஆண்டு வீடியோவில் வந்தது. 72,000 பேரும் யாரும் சொல்லாமலே செய்தார்கள். பிறகு 'ஹேமர் டு ஃபால்', 'கிரேஸி லிட்டில் திங்', 'வி வில் ராக் யூ' கொஞ்சம், 'வி ஆர் தி சாம்பியன்ஸ்'.

நடுவில், வாத்தியம் ஏதுமின்றி, 'ஏ...ஓ' என்று ஒரு குரல் இழுப்பு. அவர் ஒரு துணுக்குப் பாடுவார், அரங்கம் திருப்பிப் பாடும். இது பார்வைக்கு விளையாட்டு. உள்ளே கணக்கு இருக்கிறது. எளிய இரண்டு சுரத்தில் தொடங்குவார், கூட்டம் பிடித்துவிட்டது என்று உறுதியான பிறகே அடுத்ததை நீட்டுவார், சுழற்றுவார். பஜனைப் பாகவதர்கள் கூட்டத்தைப் பாட வைக்கும் அதே உத்தி. ஒரேயடியாகக் கடினமான சங்கதி போட்டால் கூட்டம் வாயை மூடிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும்.

1986 ஜூலை 27 அன்று புடாபெஸ்டில் ஒரு ஹங்கேரிய நாட்டுப்புறப் பாட்டையும் பாடினார். மொழி தெரியாது, வரிகளைக் கையில் எழுதிவைத்து மறைக்காமல் பார்த்துப் பாடினார். அரங்கம் சேர்ந்து பாடியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் நடந்ததுதான் ஃப்ரெடியுடன் குயினின் கடைசிக் கச்சேரி.

தென்னாப்பிரிக்காவில் பாடியது சரியா?

சரியில்லை. 1984-இல் நிறவெறி ஆட்சிக் காலத்தில், கலைஞர்கள் புறக்கணித்துவந்த சன் சிட்டி உல்லாச விடுதியில் குயின் பாடியது. பிரிட்டனின் இசைக் கலைஞர் சங்கம் அபராதம் விதித்தது; ஐ.நா. தயாரித்த பட்டியலில் பெயர் ஏறியது. அரசியல் பேசாத குழு என்று அவர்கள் சொன்ன சமாதானம் எடுபடவில்லை. அவரை நேசிப்பவர்கள் இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆபரா பாடகியுடன் பாடியது எப்படி நடந்தது?

ஸ்பெயினின் மொன்செராட் கபாயே குரலை 1983-இல் லண்டன் ஆபரா அரங்கில் கேட்டு மயங்கினார். 1987-இல் பார்சிலோனாவில் சந்திப்பு. தான் தயாரித்த மெட்டுகளை ஒலிநாடாவில் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார். இசையமைப்பாளர் மைக் மோரனுடன் சேர்ந்து உருவாக்கிய 'பார்சிலோனா' ஆல்பம் 1988-இல் வந்தது. கபாயே பாட வேண்டிய இடங்களை மாதிரிப் பதிவில் ஃப்ரெடியே கள்ளக்குரலில் பாடி வைத்திருந்தார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இருவரும் பாட வேண்டும் என்ற ஆசை நிறைவேறவில்லை. தனி ஆல்பமான 'மிஸ்டர் பேட் கை'யைவிட (1985) இது பல படி மேல்.

மேரி ஆஸ்டின் யார்? ஜிம் ஹட்டன் யார்?

மேரி ஆஸ்டினுடன் 1970-களில் பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார். தன் பாலீர்ப்பு பற்றி அவரிடம் மனம் திறந்தபின் உறவின் வடிவம் மாறியது, பிணைப்பு மாறவில்லை. கென்சிங்டனில் இருந்த 'கார்டன் லாட்ஜ்' வீட்டை மேரிக்கே எழுதிவைத்தார். ஜிம் ஹட்டன் அயர்லாந்துக்காரர், முடிதிருத்துநர். 1985 முதல் ஃப்ரெடியின் இறுதி மூச்சு வரை துணைவர். வீட்டில் பூனைகள் ஏராளம். 'டிலைலா' என்ற பூனைக்கு ஒரு பாட்டே இருக்கிறது.

நோயைக் கடைசி நாள் வரை மறைத்தது ஏன்?

1987-இல் எய்ட்ஸ் உறுதியானது என்று ஹட்டன் எழுதியிருக்கிறார். அன்று பலன் தரும் சிகிச்சை கிடையாது. நோயாளியைக் குற்றவாளியாகப் பார்க்கும் நாளிதழ்கள் வீட்டு வாசலில் காத்திருந்தன. பெற்றோரையும் நண்பர்களையும் அந்த வெளிச்சத்துக்குள் இழுக்க அவர் விரும்பவில்லை. 1991 நவம்பர் 23 அன்று அறிக்கை வெளியிட்டார். 24 அன்று மாலை, எய்ட்ஸால் வந்த நிமோனியாவில், 45 வயதில் இறந்தார். பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் பலனுள்ள கூட்டுச் சிகிச்சை 1996-இல் பரவலானது. ஐந்து ஆண்டுகள்தான் இடைவெளி. அவர் நினைவாகக் குழுவினர் தொடங்கிய மெர்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளை எச்.ஐ.வி. பணிகளுக்கு இன்றும் உதவுகிறது.

கடைசிப் பதிவுகள் எவை?

'இன்யுவெண்டோ' (1991 பிப்ரவரி) அவர் இருக்கும்போது வந்த கடைசி ஆல்பம். 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' பாட்டின் உயரத்தை இந்த உடல்நிலையில் தொட முடியுமா என்று மே தயங்கினார். ஃப்ரெடி கொஞ்சம் வோட்கா குடித்துவிட்டுப் பாடி முடித்தார். 'தீஸ் ஆர் தி டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' பாட்டுக்கு 1991 மே 30 அன்று எடுத்ததுதான் கேமரா முன் கடைசி. மெலிவு தெரியாதிருக்கக் கறுப்பு வெள்ளையில் வந்தது. சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ ஊரில் அதே மே மாதம் பதிவான 'மதர் லவ்' பாட்டில் கடைசிச் சரணத்தைப் பாடப் பிறகு வருகிறேன் என்று சொல்லிப் போனார், வரவில்லை. அதைப் பாடியவர் மே. 1995-இன் 'மேட் இன் ஹெவன்' ஆல்பத்தில் கேட்கலாம். குரல் மாறும் இடம் நெஞ்சை அடைக்கும்.

'போஹீமியன் ராப்சடி' திரைப்படத்தை எவ்வளவு நம்பலாம்?

ரமி மாலெக்கின் நடிப்பை நம்பலாம். ஆஸ்கர் அதற்குத் தகும். வரலாற்றை நம்ப வேண்டாம். லைவ் எய்டுக்கு முன் நோயைக் குழுவிடம் சொல்வதாகக் காட்டுகிறார்கள். அப்போது அவருக்கே தெரியாது. குழு பிரிந்து லைவ் எய்டுக்காகச் சேரவில்லை. அதே 1985-இல் முந்தைய மாதங்களில்கூடச் சுற்றுப்பயணம் போய்க்கொண்டிருந்தார்கள். பாட்டை மறுக்கும் நிறுவன அதிகாரி கற்பனைப் பாத்திரம்.

நினைவிடங்கள் எங்கே?

கல்லறை கிடையாது. உடல் லண்டனின் கென்சல் கிரீனில் தகனமானது. அஸ்தி எங்கே என்பது மேரி ஆஸ்டின் காத்துவரும் ரகசியம். மோந்த்ரோவில் ஜெனீவா ஏரிக்கரையில் 1996-இல் வைத்த சிலை இருக்கிறது. ஸ்டோன் டவுனில் 2019 முதல் சிறு அருங்காட்சியகம். ஃபெல்தம் கிளாட்ஸ்டன் அவென்யூ 22-ஆம் எண் வீட்டில், புகழ்பெற்றோர் வாழ்ந்த வீடுகளில் பதிக்கும் நீலப் பலகை. பஞ்ச்கனி பள்ளி புனேயிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ.; பிள்ளைகள் படிக்கும் இடம், அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது.

முதலில் எதைக் கேட்பது?

'எ நைட் அட் தி ஆபரா' (1975) முழுவதும், ஒரே அமர்வில். அடுத்து 'ஷியர் ஹார்ட் அட்டாக்' (1974), 'குயின் 2' (1974). பிறகு 'இன்யுவெண்டோ'. தொகுப்பு ஆல்பங்களை அதற்குப்பின் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்பேசி ஒலிபெருக்கியில் வேண்டாம். இரண்டு காதுக்கும் சரியாக ஒலிக்கும் ஹெட்போன் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. 'போஹீமியன் ராப்சடி'யில் 3 நிமிடம் 5 விநாடியிலிருந்து 4.07 வரை மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை இடது காதை மட்டும் கவனியுங்கள், அடுத்து வலது, மூன்றாவதில் 4.07-க்குச் சற்று முன் எழும் அந்த மிக உயர்ந்த குரலைத் தேடுங்கள். அது டெய்லர்.